மூன்றாம் ஓலை

ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை கோயில் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று சின்னம்மாள் மகனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"உன் பேரை நீயே காதால கேக்கக் கூடாதுடா. நல்லதில்ல."

"சரிம்மா" என்றான் எழிலன்.

அந்த வருஷம் அவன் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வெள்ளையடிக்கலாமா என்றால் சரி. வெண்மதியின் புடவைகளைக் காடாம்புலியூரில் இருக்கும் அவள் தங்கைக்குக் கொடுத்துவிடலாமா என்றால் சரி. சிதம்பரத்தில் ஒரு பெண் இருக்கிறாள், தனியார் கல்லூரியில் இங்கிலீஷ் நடத்துகிறாள், முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் கூடிவரவில்லை, போய்ப் பார்க்கலாமா என்றபோதும் சரி. சொல்லிவிட்டு, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

வெண்மதி அவன் மனைவி. அதற்கு முந்தின வருஷம் காய்ச்சல் என்று படுத்தாள். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போய், புதுச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில் இறந்தாள். கல்யாணமாகி நான்கு வருஷம், குழந்தை இல்லை. அடக்கத்தன்று எழிலன் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். சாமியானாக்காரனுக்குப் போனில் வழி சொன்னான். அதிர்ச்சியில் இருக்கிறான், அப்புறம் அழுவான் என்றார்கள். அப்புறமும் அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது அவனுக்கு. தொட்டால் தொட்டது தெரிந்தது. தாடை யாருடையது என்பதுதான் தெரியவில்லை.

சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு சாயத் தொழிற்சாலையின் லேபில் அவனுக்கு வேலை. வருகிற சரக்கில் மாதிரி எடுத்துச் சோதித்து, சரி அல்லது தப்பு என்று எழுத வேண்டும். அங்கே அவனிடம் யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை. மற்றவர்கள் கழித்துக்கட்டப் பார்க்கிற ஞாயிறு ஷிப்டை அவன் கேட்டு வாங்கிக்கொண்டான்.

பிரிசில்லாவைப் பார்க்க அம்மாவோடு ஒரு தடவை சிதம்பரம் போனான். அடுத்த தடவை அவளே அவனைத் தனியாக வரச் சொன்னாள். கீழ வீதியில் ஓர் ஓட்டல். இட்லியும் கத்திரிக்காய்க் கொத்சும் வந்தன. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"என்னைப் பிடிச்சிருக்கா உங்களுக்கு?"

"பிடிச்சிருக்குங்க."

"கொத்சு?"

"அதுவும் பிடிச்சிருக்குங்க."

"நல்லா இருக்கு. நானும் கத்திரிக்காயும் ஒண்ணு" என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாள், அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. பேச்சை மாற்றினாள்.

"ஓலையில என்னை என்னன்னு வாசிப்பாங்க, தெரியுமா?"

எழிலனுக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, ஆராதனைக்கு நடுவில், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று போதகர் அறிவிப்பார். பெண்ணின் சபையிலும் மாப்பிள்ளையின் சபையிலும் அது நடக்கும். அதைத்தான் ஓலை என்பார்கள். முதல் கல்யாணத்துக்கு வாசித்தபோதும் அவன் கோயிலுக்குப் போகவில்லை. மற்றவர்களுக்கு வாசித்தபோது பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். எல்லோரும் அப்படித்தான்.

"நம்ம சபைகள்ல தமிழ்ல ஒரு தடவை, இங்கிலீஷ்ல ஒரு தடவை வாசிப்பாங்கல்ல? தமிழ்ல 'கன்னிகை'. கேக்க நல்லாத்தான் இருக்கும். இங்கிலீஷ்ல 'ஸ்பின்ஸ்டர்'. அந்த இடம் வந்தா எங்கம்மா தலையைக் குனிஞ்சுக்குவாங்க. வேற ஏதாச்சும் போடச் சொல்லேன்டின்னு ஒரே நச்சு. நான் மாட்டேன்னுட்டேன்."

"ஏங்க?"

அவள் கொத்சுக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினாள். பாடம் எடுக்க இடம் செய்துகொள்வதுபோல இருந்தது.

"அது நல்ல சொல்லுங்க. 'ஸ்பின்'னா நூல் நூக்கறது. 'ஸ்டர்'ங்கிறது பின்னால ஒட்டற விகுதி; அந்த வேலையைச் செய்யற பொம்பளைன்னு அர்த்தம். நெசவு செஞ்சவளுக்கு வெப்ஸ்டர். மதுபானம் காய்ச்சினவளுக்கு ப்ரூஸ்டர். நூத்தவளுக்கு ஸ்பின்ஸ்டர். கல்யாணத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்தக் காலத்துல ஒருத்தர் பேரை எழுதினா பக்கத்துல தொழிலையும் எழுதுவாங்க. புருஷன் இல்லாம, தன் கையால நூத்துத் தன் சோத்தைச் சாப்பிட்ட பொண்ணுங்க பேருக்குப் பக்கத்துல எல்லாம் ஸ்பின்ஸ்டர், ஸ்பின்ஸ்டர்னு எழுதி எழுதி, கடைசியில தொழில் போயிடுச்சு, கல்யாணம் ஆகலைங்கிறது மட்டும் நின்னுடுச்சு. அப்புறம் அதையே திட்டாக்கிட்டாங்க."

"கேங்ஸ்டர்ல வர்றதும் அந்த ஸ்டர்தானா?"

அவன் தானாக ஒரு கேள்வி கேட்டதில் அவள் நிமிர்ந்தாள்.

"அதே ஸ்டர்தான். பிற்காலத்துல ஆம்பளைங்களும் அதை எடுத்துக்கிட்டாங்க. போன வருஷம் ஒரு பையன் கேட்டான், 'அப்ப மேடம் நீங்களும் ஒரு கேங்ஸ்டர்தானா'ன்னு. ஆமாண்டா, இன்டர்னல் மார்க் என் கையிலதான் இருக்குன்னேன்."

எழிலன் இட்லியைப் பிட்டான். பிறகு கேட்டான்.

"என்னை என்னன்னு வாசிப்பாங்க?"

அவள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"விடோயர்."

"அதுக்கும் இருக்குங்களா, இந்த மாதிரி?"

"இருக்கு. சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"விடோ, கூட ஒரு 'அர்'. டீச்சர், டிரைவர்ல வர்ற அர் மாதிரி கேக்கும். ஆனா டீச்சர் பாடம் எடுக்கறாரு, டிரைவர் வண்டி ஓட்டறாரு. விடோயர் ஒண்ணும் செய்யறதில்ல. அவருக்கு நடந்துபோச்சு, அவ்வளவுதான்." மேசையில் விரலால் எழுதிக் காட்டினாள். "ரொம்பப் பழைய இங்கிலீஷ்ல ஆணுக்கும் பொண்ணுக்கும் கிட்டத்தட்ட ஒரே சொல்லுதான். கடைசி உயிரெழுத்து மட்டும் வேற. ஜனங்க பேசிப் பேசி அந்தக் கடைசிச் சத்தம் தேஞ்சுபோச்சு. அப்புறம் ஆம்பளையைத் தனியாக் காட்ட ஒரு அர் ஒட்டவெச்சாங்க. பொதுவா ஆம்பளைச் சொல்லுலேருந்துதான் பொம்பளைச் சொல்லு வரும். இது தலைகீழ். நம்ம 'விதவை' இருக்கே, அதுவும் அந்த வேர்தான்னு சொல்றாங்க, சமஸ்கிருதம் வழியா வந்தது. வேருக்கு அர்த்தம், பிரிச்சுப் போடறது. வெறுமையாக்கறது."

"சரிங்க" என்றான் எழிலன்.

"எல்லாத்துக்கும் சரின்னா எப்படிங்க?"

அதற்கும் சரி என்று சொல்ல வாய் எடுத்து, நிறுத்திக்கொண்டான்.

அதன் பிறகு அவள் அடிக்கடி போன் செய்தாள். கல்யாணம் பேசிய பெண்ணும் மாப்பிள்ளையும் பேசுகிற எதையும் அவர்கள் பேசவில்லை. லேபில் தினமும் 'கலர்லெஸ்', 'ஓடர்லெஸ்' என்று எழுதுகிறேன், அந்த 'லெஸ்' என்ன என்று ஒரு நாள் அவன் கேட்டான். கம்மி என்று அர்த்தம் வருகிற லெஸ் அது இல்லை, வேறு ஒரு பழைய சொல், 'லூஸ்' என்பதற்குத்தான் அது உறவு, அவிழ்ந்துபோனது, விட்டுப்போனது என்று அர்த்தம் என்றாள். மறுநாள் அறிக்கையில் 'நிறமற்ற திரவம்' என்று இங்கிலீஷில் எழுதும்போது பேனா ஒரு நொடி நின்றது. நிறம் இல்லாமல் இருப்பது வேறு, விட்டுப்போவது வேறு. அதற்கு மேல் யோசிக்கவில்லை. கையெழுத்துப் போட்டான்.

கல்யாணம் லெந்து நாட்களுக்கு முந்தின வியாழக்கிழமை என்று குறித்தார்கள். சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் முடிகிறவரை அந்தச் சபைகளில் விவாகம் செய்துவைப்பதில்லை. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று இரண்டு அம்மாக்களும் ஓடினார்கள். முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் வாசித்த ஞாயிறுகளில் எழிலன் வேலையில் இருந்தான். மூன்றாம் ஞாயிறு கல்யாண விடுப்பு தொடங்கிவிட்டது.

சனிக்கிழமை பிரிசில்லா போன் செய்தாள். "நாளைக்குச் சும்மாதானே இருக்கீங்க? கோயிலுக்குப் போய்க் கேட்டுட்டு வந்து சொல்லுங்க. உங்க பாஸ்டர் என் வார்த்தையை எப்படிச் சொல்றாருன்னு எனக்குத் தெரியணும். எங்க பாஸ்டர் அந்த இடம் வந்தா இருமறாராம்."

"மாப்பிள்ளை போகக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க."

"அம்மாகிட்ட ஏன் சொல்றீங்க?"

ஆராதனை தொடங்கி, இரண்டாம் பாட்டு முடிந்த பிறகு எழிலன் போனான். செருப்பைக் கழற்றி விட்டுக் கடைசி பெஞ்சில் தூணோரமாக உட்கார்ந்தான். அம்மா முன்னால், பெண்கள் பக்கம் இருந்தாள். அவளுடைய வெள்ளைப் புடவைத் தலைப்பு தெரிந்தது. மின்விசிறிகள் சுற்றின. அறிவிப்புகள் தொடங்கின. ஜெபக்கூட்டம், தோட்ட வேலை, யாருக்கோ ஆபரேஷன். பிறகு போதகர் மடித்த தாளை விரித்தார். இவர் போன ஜூனில்தான் மாற்றலாகி வந்தவர். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வாசிப்பவர்.

"காலஞ்சென்ற தேவசகாயம் அவர்களின் குமாரனும் இச்சபையைச் சேர்ந்த வாலிபனுமாகிய எழிலனுக்கும், சிதம்பரம் சபையைச் சேர்ந்த கன்னிகை பிரிசில்லாவுக்கும்..."

பிறகு இங்கிலீஷில் வாசித்தார். ஸ்பின்ஸ்டர் என்பதை இருமாமல், விழுங்காமல், பட்டம் கொடுப்பதுபோலச் சொன்னார். பிரிசில்லா கேட்டால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தான். அதைச் சொல்ல வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டான். அதற்கப்புறம்தான் தனக்கு வாசித்தது காதில் ஏறியது.

வாலிபன். இங்கிலீஷில் பேச்சிலர். விடோயர் என்று வரவே இல்லை.

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஆல்டர் பீடத்துக்கு இடது பக்கம் பாடகர் குழு. அங்கேதான், இரண்டாம் வரிசையில், வெண்மதி நின்று பாடுவாள். அந்த இடத்தில் இப்போது யாரோ ஒரு கல்லூரிப் பெண் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற இளவரசு, வெண்மதியின் சித்தப்பா மகன், தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த நடுவழியில்தான் எழிலனும் வெண்மதியும் கைகோத்து நடந்தார்கள். இந்தப் பெஞ்சுகளில் இருப்பவர்கள்தான் பிரியாணி சாப்பிட்டு வாழ்த்தினார்கள். பிறகு இதே கோயிலிலிருந்து அவளைக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப்போகும்போது பின்னால் வந்தார்கள். எல்லோருக்கும் தெரியும். போன ஞாயிறும் தெரியும், அதற்கு முந்தின ஞாயிறும் தெரியும். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அத்தனை பேரும் அவனுக்கு நல்லது செய்துகொண்டிருந்தார்கள்.

"இது மூன்றாம் முறை. இந்த விவாகத்துக்கு நியாயமான தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் இப்போது தெரிவிக்கலாம்" என்றார் போதகர். யாரும் எழ மாட்டார்கள் என்று தெரிந்தவராகத் தாளை மடிக்கத் தொடங்கினார்.

எழிலன் எழுந்து நின்றான்.

கொஞ்ச நேரம் யாரும் கவனிக்கவில்லை. பிறகு போதகர் பார்த்தார். தாளை மடித்த கை நின்றது.

"தடை இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"நீங்க யாரு?"

"மாப்பிள்ளை."

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வெள்ளைத் தலைப்பும் திரும்பியது.

"நான் வாலிபன் இல்லைங்க" என்றான். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "இதே கோயில்ல எனக்குக் கல்யாணம் ஆச்சு. என் மனைவி பேரு வெண்மதி. அந்தக் குழுவுலதான் பாடினா. இறந்துட்டா. நான் மனைவியை இழந்தவன். அப்படித்தான் வாசிக்கணும்."

உட்கார்ந்தான். முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டான். போதகர் ஒரு பாட்டின் எண்ணைச் சொன்னார். ஆர்மோனியம் தப்பான சுரத்தில் தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கியது.

ஆராதனை முடிந்ததும் கோயிலை ஒட்டிய சின்ன அறையில் கூடினார்கள். போதகர், சபைச் செயலாளர் சிங்காரம், சின்னம்மாள், எழிலன். சிங்காரம் கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, அம்மாதான் கேட்டாங்க. பொண்ணு மனசு நோகக் கூடாது, ரெண்டாந்தாரம்னு நாலு பேரு பேசக் கூடாதுன்னாங்க. சபைக்கே தெரிஞ்ச விஷயம்தானே, ஒரு வார்த்தைதானேன்னு விட்டுட்டேன். பாஸ்டர் புதுசு. அவருக்குத் தெரியாது. தப்பு என்னுதுதான்."

"தப்பு யாருதுன்னு அப்புறம் பேசலாம்" என்றார் போதகர். "தப்பா அறிவிச்சது அறிவிச்சதாவே ஆகாது. மறுபடி முதல்லேருந்து மூணு ஞாயிறு வாசிக்கணும்."

"வியாழக்கிழமை கல்யாணம்" என்றாள் சின்னம்மாள்.

"தெரியும்மா. அதுக்கு அடுத்த புதன் சாம்பல் புதன். ஈஸ்டர் கழியணும்."

சின்னம்மாள் மகனைப் பார்த்தாள். அடிப்பாள்போல் இருந்தது.

"அவுங்க வீட்டுல எத்தனை வருஷமாக் காத்துக் கெடந்து இப்பதான் ஒரு நல்லது நடக்குது. ஈஸ்டர் வரைக்கும் அவுங்க காத்திருப்பாங்கன்னு நெனைக்கிறியா? மாப்பிள்ளையே தடை சொன்ன கல்யாணம்னு ஊரே சிரிக்குமேடா. யாருக்காகச் செஞ்சேன்? அந்தப் பொண்ணு வர்றப்பவே ரெண்டாவதா வர வேணாம், மொதல்ல வந்தவளாவே வரட்டும்னு நெனச்சேன்."

"வெண்மதி?" என்றான் எழிலன்.

"வெண்மதி எனக்கு மட்டும் வேண்டாதவளா?" அவள் குரல் உடைந்தது. "ஆஸ்பத்திரியில அவ தலையை யாரு வாரி விட்டது? நீயா? நீ கேண்டீனுக்கும் பில்லு கட்டற எடத்துக்கும் நடந்துக்கிட்டிருந்த. நான்தான்டா வாரி விட்டேன். சீப்பு பூரா முடி. அதை ஒரு காகிதத்துல சுத்தி எங்க போடறதுன்னு தெரியாம இடுப்புல சொருகிக்கிட்டு வந்தேன். அவளை அழிக்கணும்னா நான் நெனச்சேன்? நீ செத்தவன் மாதிரி திரியற. ஒரு வீடு உண்டாகட்டும்னு பார்த்தேன்."

எழிலனுக்கு இது எதுவும் தெரியாது. அம்மா அவனிடம் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவன் அம்மாவின் முழங்கையைப் பிடித்தான். அவள் உதறவில்லை.

"போன்ல சொல்ல வேணாம்" என்றான். "பிரிசில்லாகிட்ட நானே போய்ச் சொல்றேன்."

வெளியே இளவரசு பைக்கில் உட்கார்ந்திருந்தான். "ஏறு மச்சான், பஸ் ஸ்டாண்டுல விடறேன்" என்றான். பாதி வழி போன பிறகு, தலையைத் திருப்பாமல் சொன்னான். "ரெண்டு வாரமா எனக்குத் தொண்டையில நின்னுச்சு மச்சான். அவ என் அக்கா. நான்தான் எழுந்திருக்கணும். உங்கம்மா மூஞ்சியைப் பார்த்து உக்காந்துட்டேன்."

"பரவால்ல மச்சான்."

"பரவால்லைன்னு சொல்லாத. ரெண்டு அடி அடி."

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஓல்டு டவுன் தாண்டி, சிப்காட்டின் புகைபோக்கிகள் தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று பஸ் போனது. தினமும் மூக்கு பழகிப்போன ரசாயன நெடி இன்றைக்குக் காட்டமாக ஏறியது. லேபிலிருந்து வந்ததும் அவனைக் கொல்லைப்புறத்திலேயே குளிக்க வைத்துத்தான் வெண்மதி வீட்டுக்குள் விடுவாள். அதை இத்தனை நாளாக அவன் நினைக்கவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் டிக்கெட் வாங்கினான்.

கனகசபை நகரில் அவர்கள் வீடு. பிரிசில்லாதான் கதவைத் திறந்தாள். தலையில் எண்ணெய், கையில் ஈரம். அவன் முகத்தைப் பார்த்ததும் உள்ளே கூப்பிடாமல் அவளே வெளியே வந்து, கதவைச் சாத்தி, பக்கவாட்டில் துணி துவைக்கிற கல்லருகே அவனை அழைத்துப்போனாள்.

அவன் நடந்ததை வரிசையாகச் சொன்னான். வாலிபன் என்று வாசித்தது. தான் எழுந்தது. போதகர் சொன்னது. வியாழக்கிழமை இல்லை என்பது.

அவள் கல்மீது உட்கார்ந்துவிட்டாள்.

"பத்திரிகை கொடுத்து முடிச்சாச்சு" என்றாள். "காலேஜ்ல நேத்துதான் எனக்குக் கேக் வெட்டினாங்க. அட்டெண்டர் அம்மா வளையல் வாங்கிட்டு வந்து கொடுத்தாங்க." கையைத் தூக்கிக் காட்டினாள், பிறகு எதற்காகக் காட்டினோம் என்பதுபோலக் கீழே போட்டாள். "எங்க சபையில மூணு வாரமும் விடோயர்னுதான் வாசிச்சாங்க. எங்கம்மா நிமிர்ந்து உக்காந்துதான் கேட்டாங்களாம். அந்தச் சொல்லு எனக்கு வலிக்கும்னு உங்க அம்மாவுக்கு யாருங்க சொன்னது? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும்."

"நீங்க எழுந்தது எனக்காகவா, வெண்மதிக்காகவா?"

எழிலன் யோசித்தான். உங்களுக்காகவும்தான் என்று சொன்னால் அவள் முகம் கொஞ்சம் தெளியும் என்று தெரிந்தது.

"அவளுக்காக" என்றான்.

பிரிசில்லா தலையாட்டினாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள்.

"அவுங்களைப் பத்தி நீங்க என்கிட்ட பேசினதே இல்ல. இப்பச் சொல்லுங்க."

"என்ன சொல்றது?"

"தெரிஞ்சதைச் சொல்லுங்க."

பாடும்போது வெண்மதி எப்போதும் ஒரு தட்டு முன்னாலேயே ஆரம்பித்துவிடுவாள் என்றான். ஆர்மோனியம் வாசிப்பவர் முறைப்பார். அவள் கண்டுகொள்ள மாட்டாள். காடாம்புலியூர்க்காரி, பலாப்பழத்தை உரித்துக்கொண்டே சுளைகளை எண்ணிப் பங்கு பிரிப்பாள், அவனுக்கு ஒன்று குறைத்துத்தான் தருவாள். சண்டை போட்டால் பேசாமல் இருக்கத் தெரியாது. பேசிக்கொண்டே சண்டை போடுவாள். சொல்லச் சொல்ல ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வந்தது. சுவரில் நிழல் நகர்ந்தது.

"கடைசி நாள் சாயங்காலம் கேஸ் சிலிண்டர் வந்துடுச்சான்னு கேட்டா" என்றான். "இன்னும் வரலைன்னேன். மறுபடி போன் பண்ணுன்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் பேசல. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். பெருசா ஏதாச்சும் சொல்லுவா, சொல்லுவான்னு..."

அதற்கு மேல் வாக்கியம் போகவில்லை. தாடை இழுத்தது. பின்னந்தலையில் யாரோ கை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். சத்தம் வெளியே வந்தபோது அது அவனுக்கே அந்நியமாக இருந்தது; ஆனால் யாருடைய தொண்டை என்பதில் சந்தேகம் இல்லை. பிரிசில்லா எழுந்து வரவில்லை. தண்ணீர்க் குழாயை மெதுவாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அவனை இருக்கவிட்டாள்.

வெகுநேரம் கழித்து அவன் முகம் கழுவிக்கொண்டான்.

"ஈஸ்டருக்கு அப்புறம்னு தேதி போட வேணாம்" என்றாள் அவள். "நிறுத்திடலாம்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"கோவத்துல சொல்லல. கோவம் இருக்கு, அது வேற. நீங்க இப்பதான் அழ ஆரம்பிச்சிருக்கீங்க. இது எத்தனை மாசம் ஓடும்னு யாருக்கும் தெரியாது. அது ஓடறப்போ பக்கத்துல புதுப் பொண்டாட்டியா நான் உக்காந்திருந்தா, நீங்க எனக்காக அடக்குவீங்க. உங்க அம்மா எனக்காக அடக்குவாங்க. அந்த வீட்டுல மறுபடி எல்லாரும் வாயை மூடிக்குவாங்க. எனக்கு அது வேணாம்."

"உங்களுக்கு..."

"எனக்குக் கஷ்டம்தான். இல்லைன்னு சொன்னா நம்பாதீங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வேணும்னு இருந்துச்சு." கையிலிருந்த வளையலைத் திருகினாள். "எல்லாம் ஓஞ்ச பிறகு உங்களுக்கா தோணுச்சுன்னா நீங்களா வாங்க. உங்க அம்மா வந்து கேக்கக் கூடாது. நீங்க கேக்கணும்."

"வந்து கேட்டா?"

"கேட்டா அப்ப யோசிப்பேன். காத்துக்கிட்டிருப்பேன்னு இப்பச் சத்தியம் பண்ண மாட்டேன்."

உள்ளேயிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது. "பிரிசில்லா, யாரும்மா வெளிய? இந்தப் பட்டுப் புடவையை மடிக்க ஒரு கை பிடிக்கணும்டி."

பிரிசில்லா கண்ணை மூடிக்கொண்டாள். "அம்மாகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றாள். இதுவரை இல்லாத சின்னக் குரல்.

"நான் சொல்றேன்" என்றான் எழிலன்.

"அவுங்க கத்துவாங்க."

"கத்தட்டும்."

அவன் முன்வாசல் வழியாக உள்ளே போனான். கூடத்தில் பாய்மேல் புடவைகள் பரப்பியிருந்தன. ஒரு பட்டுப் புடவையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவள் அம்மா தனியாக நின்றாள். அவனைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரித்தாள்.

"வாங்க மாப்பிள்ளை! கல்யாணத்துக்கு முன்னால இப்படி அடிக்கடி வந்தா ஊரு என்ன பேசும்? உக்காருங்க, காபி போடறேன்."

எழிலன் புடவையின் மறுமுனையைத் தரையிலிருந்து எடுத்தான். இருவரும் இழுத்துப் பிடித்து, மடித்து, மறுபடி மடித்தார்கள். மடித்ததை அவளிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான்.

"நீங்க உக்காருங்கம்மா. காபி வேணாம். என் மனைவி வெண்மதியைப் பத்தி உங்ககிட்ட சொல்லணும். இன்னிக்கு எங்க கோயில்ல நடந்ததையும் சொல்லணும்."